சாப்ட்வேரை அளக்க எந்தப் படி?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் பலருக்கும் ஓர் ஆசை வரும். கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, மொய்க் கணக்கு என்று நமக்கே உரிய ஒரு வேலைக்கு, நமக்கென்றே ஒரு சாப்ட்வேர் எழுதி வாங்கினால் என்ன என்று தோன்றும். எழுதித் தருபவர்களும் பக்கத்துத் தெருவிலேயே கிடைப்பார்கள். விலை பேசும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

அண்மையில் வாசகர் ஒருவர் மூன்று விலைத் தாள்களுடன் என்னிடம் வந்தார். வீட்டு விசேஷங்களுக்கான மொய்க் கணக்கு சாப்ட்வேர் அவருக்கு வேண்டும். ஒரு தாளில் "பத்தாயிரம் வரி புரோகிராம்" என்று இருந்தது. இரண்டாவதில் "20 ஸ்கிரீன்கள்". மூன்றாவதில் "500 எம்.பி. அளவுள்ள முழுமையான சாப்ட்வேர்". மூன்றிற்கும் மூன்று விலை. "இதில் எது சார் பெரிய சாப்ட்வேர்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அரிசியைக் கிலோவில் வாங்குகிறோம், துணியை மீட்டரில் வாங்குகிறோம். சாப்ட்வேரை எதனால் அளப்பது? இதற்கென்றே முறைகள் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நீங்களும் அளக்கலாம். முதலில் அந்த மூன்று தாள்களையும் பார்த்து விடுவோம்.

எம்.பி. கணக்கு ஏன் உதவாது?

ஒரு சாப்ட்வேர் ஹார்ட் டிஸ்க்கில் பிடிக்கும் இடத்தில் பெரும்பகுதி படங்கள், எழுத்துருக்கள், ஒலி பைல்கள், வேறு யாரோ எழுதி வைத்த துணை பைல்கள் ஆகியவற்றிற்கே போய்விடும். முகப்பில் ஒரு வீடியோவைச் சேர்த்துவிட்டால் சாப்ட்வேர் சில நூறு எம்.பி. "வளர்ந்து" விடும். நமக்கு ஒரு வேலை கூட அதிகமாகச் செய்திடாது. ஸ்கிரீன் கணக்கும் இப்படித்தான். ஒரே படிவத்தை மூன்று ஸ்கிரீன்களாகப் பிரித்து, இடையில் "அடுத்து" என்ற பட்டனை வைத்துவிட்டால் ஒன்று மூன்றாகிவிடும்.

வரிக் கணக்கு கொஞ்சம் கௌரவமானது. பல ஆண்டுகள் உலகெங்கும் அதனைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒரே வேலையை ஒரு புரோகிராமிங் மொழியில் பத்து வரியிலும், இன்னொரு மொழியில் நூறு வரியிலும் எழுத முடியும். கெட்டிக்காரர் சுருக்கமாக எழுதுவார், கற்றுக்குட்டி நீட்டி முழக்குவார். வரிக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் கற்றுக்குட்டிக்குத்தான் லாபம்.

இதற்கு 1982ல் ஆப்பிள் நிறுவனத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். லிசா கம்ப்யூட்டரை உருவாக்கும் பணி நடந்து கொண்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் எத்தனை வரி எழுதினீர்கள் என்று ஒரு படிவத்தில் நிரப்பித் தரும்படி மேலாளர்கள் கேட்டார்கள். திரையில் படம் வரையும் குயிக்டிரா என்ற பகுதியை எழுதியவர் பில் அட்கின்சன். அவர் அந்த வாரம் ஒரு பகுதியை முற்றிலும் மாற்றி எழுதி, அதைப் பல மடங்கு வேகமாக்கியிருந்தார். அதே சமயம் சுமார் 2000 வரிகள் குறைந்திருந்தன. படிவத்தில் அவர் "-2000" என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்களாம். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் நூற்றுக்கணக்கான வரிகளை நொடியில் கொட்டுகின்றன. இந்தக் காலத்தில் வரிக்கு விலை என்பது இன்னும் பொருந்தாது.

ஆல்பிரெக்ட் காட்டிய வழி

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆலன் ஆல்பிரெக்ட் என்பவருக்கும் இதே தலைவலி இருந்தது. அவருடைய பிரிவு வாடிக்கையாளர்களுக்காகப் பல மொழிகளில் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்து வந்தது. கோபாலில் எழுதியதையும் பி.எல். 1ல் எழுதியதையும் எப்படி ஒப்பிடுவது? 1979 அக்டோபரில், கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் நடந்த மாநாட்டில் தன் விடையை அவர் வெளியிட்டார். சாப்ட்வேரின் உள்ளே பார்க்காதே, வெளியே நின்று பார் என்பதே அது. பயன்படுத்துபவர் எவற்றை உள்ளே தருகிறார், எவற்றை வெளியே பெறுகிறார், எவற்றைத் தேடிப் பார்க்கிறார், எந்தத் தகவல் தொகுதிகள் சேமித்து வைக்கப்படுகின்றன என்று எண்ணு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போட்டுக் கூட்டு. வரும் எண்ணே பங்ஷன் பாயிண்ட். தமிழில் செயல் புள்ளி என்று சொல்லலாம்.

இது எழுதுபவரின் கணக்கு அல்ல, வாங்குபவரின் கணக்கு. புரோகிராமிங் ஒரு வரி தெரியாதவர் கூட போட முடியும்.

இம்முறையைப் பராமரிக்க 1986ல் ஓர் அமைப்பு உருவானது. அதன் சுருக்கப் பெயரை இஃப்பக் என்று உச்சரிக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் விதிகள் இந்த அமைப்பினுடையவை. இனி நமது வாசகரின் மொய்க் கணக்கை இந்த விதிகளின்படி அளந்து பார்க்கலாம்.

மொய் நோட்டை அளப்போம்

மதுரை, தேனிப் பக்கத்து வாசகர்களுக்கு மொய் நோட்டைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. யார் எவ்வளவு செய்தார் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகும் தேவைப்படும். அவர் வீட்டு விசேஷத்திற்கு நாம் திரும்பச் செய்தாக வேண்டும். இப்போது பல மண்டபங்களில் மொய் எழுதும் மேசையில் லேப்டாப்பும், சீட்டு அச்சடிக்கும் சிறிய பிரிண்டரும் வந்துவிட்டன.

வாசகர் கேட்டவை நான்கு வேலைகள். ஆட்களின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், போன் எண் ஆகியவற்றைச் சேர்ப்பது. மொய் வரும்போது விசேஷம், தேதி, தொகையுடன் பதிவு செய்வது. ஒருவரின் பெயரையும் ஊரையும் கொடுத்து, அவர் இதுவரை செய்ததைத் தேடிப் பார்ப்பது. ஒரு விசேஷத்தின் மொத்த வரவை, எத்தனை பேர், எவ்வளவு தொகை என்று கூட்டி அறிக்கையாகப் பெறுவது.

இஃப்பக் முறையில் முதலில் சேமிக்கப்படும் தகவல் தொகுதிகளை எண்ண வேண்டும். இங்கே இரண்டு: ஆட்கள், மொய்ப் பதிவுகள். சாப்ட்வேர் தானே பராமரிக்கும் தொகுதி எளியதாக இருந்தால் 7 புள்ளி, நடுத்தரம் 10, சிக்கலானது 15. நம்முடையவை இரண்டுமே எளியவை. ஆக 14.

அடுத்து வேலைகள். உள்ளீடு என்றால் 3, 4 அல்லது 6 புள்ளி. தேடிப் பார்த்தலுக்கும் அப்படியே. கூட்டல், கழித்தல் செய்து காட்டும் வெளியீட்டுக்கு 4, 5 அல்லது 7. எதற்கு எது என்பது அந்த வேலை எத்தனை தொகுதிகளைத் தொடுகிறது, எத்தனை தகவல்களைக் கையாளுகிறது என்பதைப் பொறுத்தது. இதற்கு அட்டவணை உண்டு. ஆள் சேர்ப்பது ஒரே தொகுதியைத் தொடுவதால் எளியது, 3. மொய் பதிவது இரண்டு தொகுதிகளையும் தொடுவதால் நடுத்தரம், 4. தேடல் 4. அறிக்கை 5. வேலைகளுக்கு 16, தொகுதிகளுக்கு 14, மொத்தம் 30 பங்ஷன் பாயிண்ட்.

இதில் ஒரு சச்சரவுக்கும் இடம் இருக்கிறது. ஆட்களும் மொய்யும் இரு தொகுதிகளா, ஒன்றின் இரு பகுதிகளா என்று இரண்டு பேர் வாதாடலாம். மொய் எதுவும் செய்யாதவரையும் பட்டியலில் வைத்திருக்கப் போகிறீர்களா என்று நான் வாசகரைக் கேட்டேன். "ஆமாம், பத்திரிகை வைக்க வேண்டுமே" என்றார். எனவே இரண்டு என்று எடுத்துக் கொண்டேன். ஒரே தொகுதி என்று முடிவு செய்தால் 7 புள்ளிகள் உடனே குறையும். தொடும் தொகுதிகள் ஒன்றாகிவிடுவதால் வேலைகளின் புள்ளிகளும் இறங்கும். இம்முறையில் தேர்ச்சி பெற்றவர்களுக்கென்று தனித் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறார்கள். இது போன்ற முடிவுகளை எல்லாரும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அதே மொய், வேறு படிகள்

இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் சைமன்ஸ் என்பவருக்கு இந்த "எளியது, நடுத்தரம், சிக்கல்" என்ற மூன்று படிக்கட்டுகள் பிடிக்கவில்லை. நூறு தகவல்களைக் கையாளும் ஒரு வேலைக்கும் ஒரே ஒரு தகவலைக் கையாளும் வேலைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வருவதில்லையே என்று கேட்டார். 1988ல் மார்க் 2 என்ற முறையை அவர் முன் வைத்தார். இதில் உள்ளே செல்லும் ஒவ்வொரு தகவலுக்கும் 0.58, தொடும் ஒவ்வொரு தொகுதிக்கும் 1.66, வெளியே வரும் ஒவ்வொரு தகவலுக்கும் 0.26. மொய் பதிவு செய்திடப் பெயர், ஊர், விசேஷம், தேதி, தொகை என ஐந்து தகவல்கள் உள்ளே செல்கின்றன. இரண்டு தொகுதிகள் தொடப்படுகின்றன. "பதிவானது" என்ற ஒரு செய்தி வெளியே வருகிறது. 2.90, 3.32, 0.26 ஆகியவற்றைக் கூட்டினால் 6.48. இப்படியே நான்கு வேலைகளையும் கணக்கிட்டேன். 22.74 வந்தது.

மூன்றாவது முறையின் பெயர் காஸ்மிக். 1998ல் சைமன்ஸ், கனடாவின் அலன் அப்ரான் உள்ளிட்ட வல்லுநர்கள் ஒன்று கூடி இதனைத் தொடங்கினார்கள். பழைய முறைகள் அலுவலகக் கணக்கு சாப்ட்வேரை மனதில் வைத்து உருவானவை. போன் எக்ஸ்சேஞ்ச், கார் இன்ஜின் ஆகியவற்றின் உள்ளே இயங்கும் சாப்ட்வேர்கள் வேறு மாதிரியானவை. அவை பைல்களை அதிகம் சேமிப்பதில்லை, ஆனால் ஓயாமல் தகவலை வாங்கி அனுப்பிக் கொண்டே இருக்கும். காஸ்மிக் முறை இரண்டு வகைக்கும் பொருந்தும்.

இதன் விதி எனக்கு மிகவும் பிடித்தது. தகவல் நகர்வது நான்கே வகை. உள்ளே வருவது, வெளியே போவது, சேமிப்பிலிருந்து படிப்பது, சேமிப்பில் எழுதுவது. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு புள்ளி. அட்டவணையும் இல்லை, தசமப் புள்ளியும் இல்லை. ஆள் சேர்ப்பதில் விவரம் உள்ளே வருகிறது, எழுதப்படுகிறது, ஒரு செய்தி வெளியே போகிறது, ஆக 3. மொய் பதிவில் கூடுதலாக ஆளின் விவரத்தைப் படிக்க வேண்டும், ஆக 4. தேடலில் பெயர் உள்ளே வருகிறது, இரண்டு தொகுதிகள் படிக்கப்படுகின்றன, ஆளின் விவரமும் மொய்ப் பட்டியலும் வெளியே வருகின்றன, "இப்பெயரில் யாரும் இல்லை" என்ற செய்திக்கு ஒன்று, ஆக 6. அறிக்கைக்கும் 6. மொத்தம் 19. ஒரு வேலை எவ்வளவு பெரியதானாலும் புள்ளிகள் கூடிக் கொண்டே போகலாம். இஃப்பக் முறையில் ஒரு வேலைக்கு 7க்கு மேல் கிடைக்காது.

ஆக, ஒரே மொய் நோட்டு. இஃப்பக் முறையில் 30, மார்க் 2ல் 23, காஸ்மிக்கில் 19. எது சரி? மூன்றுமே சரிதான். மூன்றையும் ஐ.எஸ்.ஓ. அமைப்பு சர்வதேசத் தர முறைகளாக ஏற்றிருக்கிறது. லிட்டரையும் கிலோவையும் போல இவை வெவ்வேறு அலகுகள். தண்ணீருக்கு ஒரு லிட்டர் ஒரு கிலோ என்று சொல்வது போல எல்லாச் சாப்ட்வேருக்கும் பொதுவான மாற்று விகிதம் இங்கே கிடையாது. ஒருவர் "19 புள்ளிதான் சார், சின்ன வேலை" என்றும், இன்னொருவர் "30 புள்ளி, பெரிய வேலை" என்றும் சொன்னால், எந்த முறையில் அளந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஒரு நிமிடக் கணக்கு

நெதர்லாந்தில் நெஸ்மா என்ற அமைப்பு ஒன்று உள்ளது. அவர்களின் விதிகள் ஏறத்தாழ இஃப்பக் விதிகளைப் போன்றவையே. ஆனால் விவரங்கள் முழுமையாகத் தெரியாத தொடக்க நிலையில் பயன்படுத்த ஒரு குறுக்கு வழியை அவர்கள் வைத்திருக்கிறார்கள். சாப்ட்வேர் பராமரிக்கும் தொகுதிகளை மட்டும் எண்ணி, ஒவ்வொன்றையும் 35ஆல் பெருக்க வேண்டும். பிற சாப்ட்வேர்களிடமிருந்து படிக்க மட்டும் செய்யும் தொகுதி இருந்தால் 15ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நம் மொய்க் கணக்கிற்கு இரண்டு தொகுதி, அதாவது 70. ஆனால் விரிவாக எண்ணியபோது வந்தது 30. பாதிக்கும் குறைவு! குறுக்கு வழி தோராயமானதுதான், ஆனாலும் இவ்வளவு இடைவெளி எனக்கு உறுத்தியது.

35 என்ற எண்ணின் பின்னே ஓர் அனுபவம் இருக்கிறது. ஒரு தொகுதி இருந்தால் அதில் சேர்க்க, திருத்த, நீக்க என்று சுமார் மூன்று உள்ளீடுகள் இருக்கும், இரண்டு அறிக்கைகளும் ஒரு தேடலும் இருக்கும் என்பதே அது. இதை வைத்துக் கொண்டு வாசகரின் பட்டியலை மீண்டும் பார்த்தேன். சேர்ப்பது இருக்கிறது. திருத்துவது எங்கே? நீக்குவது எங்கே? மண்டபத்தின் சத்தத்தில் 500ஐ 5000 என்று தட்டிவிட்டால் அதை எப்படி மாற்றுவது? மூன்று விலைத் தாள்களில் ஒன்றில் கூட இதற்கு இடமில்லை. சாப்ட்வேர் கைக்கு வந்து, முதல் விசேஷத்தில் முதல் தவறு நேரும்போதுதான் அது தெரிந்திருக்கும். அப்போது "அது தனி வேலை சார், தனி பணம்" என்ற பதில் வந்திருக்கும்.

ஆளைத் திருத்த 3, நீக்க 3, மொய்யைத் திருத்த 4, நீக்க 3 என்று சேர்த்தேன். 30 என்பது 43 ஆனது. வாசகருக்கு உண்மையில் தேவைப்படும் சாப்ட்வேரின் அளவு இதுதான். எண்ணிப் பார்ப்பதன் பெரிய லாபம் கடைசியில் கிடைக்கும் எண் அல்ல, எண்ணும்போது கண்ணில் படும் ஓட்டைகள் என்றே நான் நினைக்கிறேன்.

விலையோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒருவர் நான்கு வேலைகளை மட்டும் 15,000 ரூபாய்க்குத் தருகிறார் என்று வைத்துக் கொள்வோம். 30 புள்ளிக்கு, புள்ளி ஒன்றுக்கு 500 ரூபாய். இன்னொருவர் திருத்துவது, நீக்குவது உட்பட எட்டு வேலைகளையும் 17,200 ரூபாய்க்குத் தருகிறார். 43 புள்ளிக்கு, புள்ளி ஒன்றுக்கு 400 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் முதலாமவர் மலிவு. பெரிய அளவில் இதையேதான் அரசுகளும் செய்கின்றன. பிரேசில் மத்திய அரசுத் துறைகள் சாப்ட்வேர் ஒப்பந்தங்களில் பங்ஷன் பாயிண்ட் கணக்கைப் பயன்படுத்தி வருகின்றன.

எந்த முறையை எடுத்துக் கொள்வது?

வீட்டில் நீங்களே எண்ணிப் பார்க்க, காஸ்மிக் முறையை நான் சிபாரிசு செய்வேன். அரை மணி நேரத்தில் பழகிவிடும். இதற்கான கையேடுகளும் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எழுதித் தருபவரிடம் பேசும்போது, அவர் பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவராக இருந்தால், அவருக்கு இஃப்பக் கணக்குதான் பழகியிருக்கும். அவருக்குப் பழகியதிலேயே பேசுங்கள், மூன்று பேரிடமும் அதே முறையில் பேசுங்கள். மார்க் 2ஐ இப்போது புதிதாகக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. அதன் ஆசிரியரே காஸ்மிக்கிற்கு வந்துவிட்டார்.

இந்த அளவுகோல்கள் எதையும் வைத்து அளக்கக் கூடாத சாப்ட்வேர்களும் உண்டு. பைலைச் சுருக்கித் தரும் ஜிப் புரோகிராம் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு பைல் உள்ளே போகிறது, ஒரு பைல் வெளியே வருகிறது. விரல் விட்டு எண்ணும் புள்ளிகள்தான் வரும். ஆனால் உள்ளே இருக்கும் கணிதம் மிகக் கடினமானது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளும் அப்படியே. புள்ளி குறைவு என்பதற்காக அவற்றை எழுதுவது சுலபம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நம் மொய்க் கணக்கிலும் புள்ளிக்குள் வராத விஷயங்கள் இருக்கின்றன. தமிழில் தட்டச்சு செய்யும் வசதி, வேகம், கரண்ட் போனால் பதிந்தது அழியாமல் இருப்பது, பாஸ்வேர்ட் பாதுகாப்பு ஆகிய எதற்கும் தனிப் புள்ளி இல்லை. இவை தரம் சார்ந்தவை என்று சொல்லி, செயல் அளவிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இவற்றை அளக்க இஃப்பக் அமைப்பு ஸ்நாப் என்று ஒரு தனி முறையைப் பிறகு உருவாக்கியது. வீட்டுக் கணக்கிற்கு அது தேவைப்படாது. எட்டு வேலைகளை விலைத் தாளின் முன்பக்கம் வரிசையாக எழுதி, பின்பக்கம் இந்த நான்கையும் தனியே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கொள்ளும்படி வாசகரிடம் சொல்லி அனுப்பினேன். குறிப்பாகக் கரண்ட் விஷயத்தை.